கேளாமை யார் குற்றம்?

ஒன்பது வகைப் பக்திகளைப் பிரகலாதாழ்வான் தன் தந்தைக்கு எடுத்துரைத்தபோது, முதலாவதாக வைத்தது சிரவணம், அதாவது கேட்டல். கீர்த்தனம் அதற்குப் பின்னரே வருகிறது. சொல்லுகிறவனைக் காட்டிலும் கேட்கிறவனுக்கே அங்கு முன்னிடம். எம்பெருமானுக்கு உகந்த திருவோண நட்சத்திரத்துக்கு வடமொழியில் சிரவணம் என்றே பெயர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இத்துணை ஏற்றமுடைய கேட்டலுக்கு உத்ஸவ காலத்துக் கோயிலைப்போல் இடையூறு மிகுந்த இடம் வேறில்லை. நாகஸ்வரமும் தவிலும் ஒருபுறம். சேமக்கலமும் மணியும் ஒருபுறம். கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஒருபுறம். காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு இடையிடையே. இவற்றுக்கு நடுவே உபந்யாசம் கேட்கவென்று பத்துக் கல் தொலைவிலிருந்து வந்த மூதாட்டி, தூணருகே அமர்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்து, எல்லோரும் கைகூப்பும்போது தானும் கைகூப்பிவிட்டு எழுந்து போகிறாள். வீட்டிலே அவளுக்கு, “எத்தனை தரம் சொல்வது?” என்ற வசவு காத்திருக்கிறது. சொன்ன சொல் போய்ச் சேராதபோது கேட்டவர்மேல் குற்றம் சுமத்துவது உலக வழக்கம். இவ்வழக்கம் தர்மத்துக்கு ஒத்ததா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகிறேன்.

முதலில் கேட்டல் என்பது யாது? ஒலி செவியை வந்தடையும் விதத்தைத் தர்க்க சாஸ்திரம் பயிலும் பிள்ளைகளுக்கு இரண்டு உவமைகளால் விளக்குவார்கள். குளத்தில் கல்லெறிந்தால் அலைக்குப் பின் அலையாகக் கரைவரை செல்வதுபோல என்பர் ஒரு சாரார். கடம்பின் மொட்டு எல்லாத் திசையிலும் ஒருசேர விரிவதுபோல என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அழகிய உவமைகளே. ஆயினும் அலை செவியை அடைந்த மாத்திரத்தில் சொல் அடைந்துவிட்டதாகுமா? ஆகாது என்பது பெரியோர் துணிபு. பதஞ்சலி முனிவர் மஹாபாஷ்யத்தில் சப்தத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து, செவியால் பெறப்படுவது என்பதோடு நில்லாமல் புத்தியால் பற்றப்படுவது என்றும் சேர்த்துச் சொன்னார். மனம் வேறிடத்தில் இருந்தமையால் காதில் விழவில்லை என்று மனிதர் சொல்லுகிறார்களே, அதையே எடுத்துக்காட்டி, மனத்தாலன்றோ ஒருவன் கேட்கிறான் என்று பிருஹதாரண்யகம் நிலைநாட்டுகிறது.

இன்றைய மருத்துவ நூலும் இதற்கு மாறுபடவில்லை. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள் உண்டு. அதனுள் மயிரிழை போன்ற நுனிகளையுடைய நுண்ணிய உயிரணுக்கள் சில ஆயிரம் வரிசை வரிசையாக நின்று, ஒலியின் அசைவை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுகின்றன. அச்செய்தியைச் சொல்லாகப் பிரித்துக் கூட்டுவது மூளை. இவ்வணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நகமும் முடியும் பெற்ற பாக்கியம் அவற்றுக்கு இல்லை.

இதைப் பரீட்சித்துப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேட வேண்டியதில்லை. சந்நிதி வாசலே போதும். அர்ச்சனைக்கு வருவோரிடம் பெயர், கோத்திரம், நட்சத்திரம் கேட்கிறோம். மேளம் முழங்கும்போது நட்சத்திரம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பெயர் எளிதில் பிடிபடாது. காரணம் யாதெனில், நட்சத்திரங்கள் இருபத்தேழே. காதில் விழுந்தது அரைகுறையாயினும் அந்த இருபத்தேழுக்குள் எது பொருந்தும் என்று மனம் தேடிக்கொள்ளும். பெயர்களுக்கோ எல்லை கிடையாது. எதிர்பார்க்கும் சொற்களின் தொகை சிறிதானால் இரைச்சலிலும் கேட்கும், பெரிதானால் கேட்காது என்பதை மில்லர் முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1951ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நட்சத்திரத்திலும் இடறும் இடங்கள் உண்டு. பூரம், பூசம் என்னும் இரண்டையும் உச்சரித்துப் பாருங்கள். உயிரோசை இரண்டிலும் ஒன்றே. நடுவிலுள்ள ஓர் எழுத்தின் மெய்தான் வேறு. உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி என்பவற்றிலோ தொடக்கம் ஒன்றாக இருப்பதால் முடிவு வரையில் காத்திருக்க வேண்டும். முடிவில் தவிலடி விழுந்தால் மூன்றும் ஒன்றே. உயிர்க்குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் வகுத்தார். அரை மாத்திரையே ஒலிக்கும் மெய்யெழுத்தை மறைக்கச் சிறிய இரைச்சலும் போதும். உயிர் நீண்டு ஒலித்துத் தப்பிவிடுகிறது. ஆனால் ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பெரும்பாலும் பிரித்துக்காட்டுவது மெய்யன்றோ! இரைச்சலில் நிற்பவருக்கும் செவி மந்தமானவருக்கும் உயிர் கேட்கிறது, மெய் மறைகிறது. “சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் புரியவில்லை” என்று முதியோர் சொல்வது சாக்கன்று. எழுத்திலக்கணத்தின்படியே சரியான வாக்குமூலம்.

சந்நிதியில் நிற்பவர்கள் இன்னொன்றும் செய்கிறோம். காதை நீட்டும்போதே கண் சொல்பவரின் வாயைப் பார்க்கிறது. முகம் தெரிந்தால் இரைச்சலில் பேச்சு மிகுதியாக விளங்கும் என்பதை சம்பி, பொல்லாக் என்னும் இருவர் 1954இல் அளந்து எழுதினர். 1976இல் மக்கர்க், மக்டொனால்டு என்னும் இருவர் அதனினும் விந்தையானதொன்றைக் கண்டனர். ‘ப’ என்னும் ஓசையை ஒலிக்கச்செய்து, ‘க’ என்று உச்சரிக்கும் வாயைப் படத்தில் காட்டினால், பார்ப்பவர் செவியில் ‘ட’ போன்றதோர் எழுத்தே கேட்கிறதாம்! கண்ணை மூடினால் மறுபடி ‘ப’. கேட்டல் செவியின் தனிச்சொத்து என்று எண்ணுவோர் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? ஆதலால் முகத்தைத் திருப்பிக்கொண்டும், வாயைத் துணியால் மூடிக்கொண்டும், அடுத்த அறையிலிருந்தும் பேசிவிட்டு, கேட்கவில்லையே என்று சினப்பது பாதிப் பொருளைக் கொடுத்துவிட்டு முழு விலை கேட்பது போன்றதாகும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பக்தர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்னும் மரபுரை உடையவர்கள் அங்குள்ள மலையாளி மக்கள். பெயரைக் கொண்டு வேறு மொழியினர் என எண்ண வேண்டா. அவர்கள் பேசுவது தமிழே. ஆனால் இழுப்பும் அழுத்தமும் சமவெளித் தமிழினின்று சிறிது வேறுபடும். பழகாத உச்சரிப்பு அமைதியான இடத்தில் தடை செய்யாது. இரைச்சலில் தடை செய்யும். அந்தத் தடை இருபுறமும் சமமானது. நம் பேச்சு அவர்களுக்கு எவ்வளவு விளங்கவில்லையோ அவ்வளவே அவர்கள் பேச்சு நமக்கும் விளங்கவில்லை. அப்படியிருக்க, வரிசையில் நிற்பவர் முகத்துக்கு நேரே “மலைக்காரருக்குச் சொன்னால் விளங்காது” என்று சிலர் கூறுவது அறியாமையோடு அபசாரமும் ஆகும்.

இனி, மனம் இட்டு நிரப்பும் வேலையைச் சிறிது விரிவாகப் பார்ப்போம். ஒரு வாக்கியம் பொருள்பட ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி என்னும் மூன்றும் வேண்டும் என்பர் நம் சாஸ்திரகாரர். ஒரு சொல் மற்றொரு சொல்லை அவாவி நிற்பது ஆகாங்க்ஷை. பொருள் பொருந்துவது யோக்யதை. சொற்கள் அடுத்தடுத்து வருவது ஸந்நிதி. விழுந்த சொல்லை அறியவும் இவை உதவுகின்றன; விழாத சொல்லை ஊகிக்கவும் இவையே உதவுகின்றன. “பெருமாளுக்குத் துளசி” என்பதன் பின் ஓர் இருமல் வந்து அடுத்த சொல்லை மறைத்தாலும், ‘சாத்தினார்’ என்று நாமே கேட்டுக்கொள்கிறோம். ரிச்சர்ட் வாரன் என்னும் உளநூலறிஞர் 1970இல் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் ஓர் எழுத்தொலியை அடியோடு வெட்டி நீக்கி, அவ்விடத்தில் இருமலொலியை வைத்தார். கேட்டவர்கள் எழுத்து ஒன்று குறைகிறதென்றே அறியவில்லை. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் சரியாகச் சொல்ல இயலவில்லை. இல்லாத எழுத்தை இருப்பதாகவே மனம் கேட்டுவிட்டது.

இது பகவான் தந்த உபகாரமே. இஃதில்லாவிடில் சந்தையிலும் வண்டியிலும் ஒருவரோடொருவர் பேச முடியாது. எனினும் இந்த உபகாரத்திலேயே ஓர் அபாயமும் மறைந்துள்ளது. கேட்டது எவ்வளவு, தான் இட்டு நிரப்பியது எவ்வளவு என்பது கேட்பவனுக்கே தெரிவதில்லை.

சக்கரவர்த்தித் திருமகனைக் காட்டுக்கு அனுப்பிய தசரதன், உயிர் பிரியுமுன் கோசலைக்குச் சொன்ன கதையை யாவரும் அறிவர். இளமையில் ஒரு கார்காலத்து இருளில் சரயுக் கரையில் அவன் வேட்டைக்குக் காத்திருந்தான். ஒலியைக் கொண்டே குறி தவறாமல் எய்யும் வித்தையில் அவன் பெயர் பெற்றவன். குடத்தில் நீர் நிரம்பும் ஓசை எழுந்தது. யானை நீர் பருகுகிறது என்று கொண்டு அம்பை விடுத்தான். கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்க வந்த தவக்குமாரன் மாண்டான். தசரதனின் செவியில் பழுதில்லை. அவன் செவி மற்றவர் செவியினும் கூரியது. வேட்டைக்கு வந்தவன் மனம் யானையை எதிர்பார்த்திருந்தது. ஆகையால் யானையைக் கேட்டது. பிழை கேட்டதில் அன்று. கேட்டதற்கும் எய்ததற்கும் நடுவே “யார் அங்கே?” என்ற ஒரு வினாவை வைக்காமற்போனதே பிழை.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியொன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுள் சேர்ந்த திருக்கோவலூர் திவ்யதேசத்தில், உலகளந்த பெருமாள் எழுந்தருளியுள்ள அத்தலத்தில், முதலாழ்வார் மூவரும் சந்தித்த வரலாற்றைப் பக்தர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் இருள், அதுவும் மழை. ஒருவரை ஒருவர் முகமறியார். வெளியே மழையின் இரைச்சல். மழையொலி சொல்லை மறைப்பதில் பொல்லாதது. ஏனெனில் அதற்கு இடைவெளி இல்லை. தவிலடிக்கு நடுவே ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் சொல்லின் துணுக்குகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். கல்வராயன் மலையில் மேகம் அருவிக்கோ பெரியார் அருவிக்கோ சென்றிருப்பவர்கள் அறிவர்: அருவியடியில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவர் வாயசைவுதான் தெரியும். அத்தகைய இரைச்சலில், வாயசைவும் தெரியாத இருளில், ஆழ்வார்கள் உரையாடினார்கள். எப்படி இயன்றது? இடைகழியின் குறுக்கம் ஒரு காரணம். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் அளவு ஆறு டெசிபல் குறையும். தொலைவு பாதியானால் அவ்வளவு கூடும். தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல் சொல்லைச் சேர்ப்பிக்கும் வழி, நெருங்கி நிற்பதே. மற்றொரு காரணம், அவர்கள் வந்தவரை விசாரித்து இடம் கொடுத்தார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தபோதும் யாரென்று அறியவே விழைந்தார்கள். சரயுக் கரையிலும் இருளும் நீரோசையும் இருந்தன. இடைகழியிலும் அவை இருந்தன. அங்கே கேட்டவன் முடிவு கட்டினான். இங்கே கேட்டவர்கள் வினவினார்கள். வேதாந்த தேசிகர் இப்பெருமானைத் தேஹளீசன் என்று துதித்த நூலின் பெயரே அந்த இடைகழியைக் குறிப்பதுதான்.

இரைச்சலைக் கேடயமாகப் பிடித்த கதையும் நமக்கு உண்டு. அசுவத்தாமா என்னும் யானையைப் பீமன் கொன்றபின், துரோணர் மகனைப் பற்றி யுதிஷ்டிரனைக் கேட்கிறார். இறந்தான் என்பதை உரக்கவும், யானை என்பதைத் தெளிவில்லாமலும் அவன் சொன்னதாக வியாசர் எழுதுகிறார். கதாகாலட்சேபங்களில் கண்ணன் சங்கம் முழங்கி அந்தச் சொல்லை மறைத்ததாகவும் சொல்வது வழக்கம். சொல்லியும் ஆயிற்று, கேட்கவும் இல்லை. யுதிஷ்டிரன் சொல்லவே இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆயினும் அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயர்ந்து ஓடிய அவன் தேர் அப்போது தரையைத் தொட்டுவிட்டது. தேர் யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். இறங்கியது துரோணர் தேர் அன்று. சொல் சேரும்படி சொல்லுகிற பொறுப்பு சொன்னவனிடம் இருந்தது, கேட்டவரிடம் இல்லை.

முதுமையில் நிகழ்வதைச் சொல்கிறேன். உட்செவியின் சுருளில் வாசலருகே உள்ள அணுக்களே உச்ச ஓசைகளை ஏற்பவை. அவையே முதலில் தேய்கின்றன. ச, ஸ, த முதலியவற்றின் கூர்மை உச்ச ஓசையில் உள்ளது. ஆகையால் ஐம்பது அறுபது பிராயத்தில் மெய்யெழுத்துக்கள் மெல்ல உதிரத் தொடங்குகின்றன. இதை அறியாதவர்கள் உரக்கக் கத்துகிறார்கள். கத்தும்போது பெருகுவது உயிரோசை. மெய் அதனடியில் மேலும் மறைகிறது. அதோடு, தேய்ந்த செவிக்கு மெல்லிய ஒலி கேளாது, வலிய ஒலி பொறுக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகியது. “ஏன் கத்துகிறாய், எனக்கென்ன காதா கேட்காது?” என்று பாட்டனார் சீறுவதைப் பார்த்து வீட்டார் சிரிக்கிறார்கள். அவர் சொன்ன இரண்டும் மெய்யே: மெதுவாகச் சொன்னது கேட்கவில்லை, கத்தியது வலித்தது. நேரே வந்து, முகம் தெரிய, நிதானமாக, சொற்களைப் பிரித்துச் சொன்னால் போதும். முதல் முறை விளங்கவில்லையாயின் அதே சொல்லை மூன்றுமுறை இடிப்பதினும் வேறு சொல்லால் சொல்வது மேல். இந்தச் சொல்லில் மறைந்த எழுத்து அந்தச் சொல்லில் மறையாமல் இருக்கலாம்.

பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பின்பற்றும் ஆற்றல் தனியானதொன்று. நாதமுனிகளின் வரலாற்றில், நாலாயிரம் தாளங்களை ஒருசேரத் தட்டச்செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஓசையைக் கொண்டே அவர் கூறினார் என்று குருபரம்பரை சொல்லும். அவ்வளவு நமக்கு வேண்டா. இரண்டு குரலைப் பிரித்தறிந்தாலே போதும். கோலின் செர்ரி என்பவர் 1953இல் ஒரே சமயத்தில் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலிக்கச் செய்தார். கவனித்த பேச்சைத் திருப்பிச் சொன்னவர்கள், மறு காதில் மொழியே மாறியதைக்கூட அறியவில்லை. இரு செவிகளும் செம்மையாக இருப்பவர்க்கே இந்தப் பிரித்தறிதல் எளிது. செவி தேய்ந்தவர் இதில்தான் முதலில் தோற்கிறார். அறையில் தனியே பேசினால் நன்றாகக் கேட்பவர் கல்யாண வீட்டில் ஊமைபோல் அமர்ந்திருப்பதன் காரணம் அதுவே. அவர் நடிக்கிறார், வேண்டியபோது மட்டும் கேட்கிறது என்று சொல்லப்படும் பழி எத்துணை கொடியது! காதில் வைக்கும் கருவியும் வேண்டிய சொல்லோடு வேண்டாத இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஆதலால் கருவி வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பவன்போல் அவர் சொல் சொல்லாகக் கூட்டிக் கேட்கிறார், மாலைக்குள் களைத்துப்போகிறார்.

இரைச்சலைப் பற்றிக் கோயிலார் பேசினால், முதலில் உங்கள் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள் என்று சொல்லுவீர்கள். நியாயமே. மங்கள வாத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. திருமாங்கல்யதாரணத்தின்போது கெட்டிமேளம் கொட்டுவதே, தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழாதிருக்கத்தானே? இரைச்சல் சொல்லை மறைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்து, அதற்கென்று ஒரு நொடியை ஒதுக்கினார்கள். நாமோ அந்த நொடியைப் பத்து நாளாக நீட்டிவிட்டோம். கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஒன்று கம்பத்தின்மேல் ஏறிவிட்டால் ஊர் முழுவதும் உபந்யாசம் கேட்கும் என்று நினைக்கிறோம். கேட்பது ஓசை; உபந்யாசமன்று. கல்மண்டபத்தின் தூண்களில் மோதி மீண்டு வரும் எதிரொலி, முந்திய சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் போடுகிறது. கூட்டத்தார் அதற்கு மேலே பேசக் குரலை உயர்த்துகிறார்கள். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதை எத்தியேன் லொம்பார்து என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். கூட்டம் உயர்த்தினால் ஒலிபெருக்கிக்காரர் இன்னும் ஒரு சுற்று திருகுகிறார். இந்தப் போட்டியில் தோற்பவர் தூணருகே அமர்ந்த மூதாட்டியே.

சட்டம் இதற்கு எல்லை வகுத்துள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா முதலியவற்றுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அதே 2000ஆம் ஆண்டில், சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு ஒரு கிறித்தவ சபையைப் பற்றியது என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டா. தீர்ப்பு எல்லோருக்கும் பொது. பிழைப்பின் பொருட்டு இரைச்சலில் இருப்பவர்கள் வேறு. கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலைகளிலும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலைகளிலும், மரம் அறுக்கும் பட்டறைகளிலும் உள்ளோர்க்குச் செவியைக் காக்கும் அடைப்பான்கள் கிடைக்கச் செய்வது முதலாளிகளின் கடமை. 85 டெசிபலுக்கு மேல் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்றால் செவியணுக்கள் தேயும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. நம்மாழ்வார் பிறந்தது முதல் பேசாமல் திருப்புளியடியில் யோகத்தில் அமர்ந்திருக்க, மதுரகவிகள் வந்து ஒரு கல்லைப் போட்டு ஓசை எழுப்பிப் பார்த்தாரன்றோ? பேசாத பிள்ளைக்குச் செவி உண்டா என்று சோதிக்கும் முறையை அன்றே காண்கிறோம். ஆனால் இன்று வீடுகளில் தட்டைத் தட்டிப் பார்த்து, குழந்தை திரும்பிற்று, குறையில்லை என்று விட்டுவிடுவது போதாது. தரையின் அதிர்வாலும், கையின் அசைவைக் கண்டும் குழந்தை திரும்பலாம். பிறந்த சில நாட்களிலேயே, உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவியை வைத்து, செவியினின்று மீளும் நுண்ணொலியைப் பதிவு செய்து பார்க்கும் சோதனை உள்ளது. முதல் மாதத்துள் சோதனை, மூன்றாம் மாதத்துள் நிச்சயம், ஆறாம் மாதத்துள் சிகிச்சை என்பது மருத்துவர் வகுத்த கிரமம். கர்ப்பத்திலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் பிரகலாதன். கேட்ட தாய் கயாது மறந்தாள், மகன் மறக்கவில்லை. புராணந்தானே என்று தள்ள வேண்டா. பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரங்கள் தாய் உரக்கப் படித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டு விரும்பிக் கேட்டதை டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986இல் வெளியிட்டனர். கேட்கும் பழக்கம் அவ்வளவு முன்னரே தொடங்குகிறதென்றால், செவிக்குறையுள்ள குழந்தைக்குக் கழியும் ஒவ்வொரு மாதமும் நஷ்டமே. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உட்செவியில் கருவி பொருத்தும் சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துப் பெற்றோருக்கு மலையிறங்குவதே ஒரு நாள் பிரயாணம். ‘மெதுவாகப் பேசுவான், குடும்ப வாகு’ என்று காத்திராமல் அந்த ஒரு நாளைச் செலவிடுமாறு வேண்டுகிறேன்.

சாஸ்திரம் படித்தவன் என்ற முறையில் ஒன்றை மறைக்கக் கூடாது. பிறவிச் செவிடருக்குத் தாயபாகம் இல்லை, அன்னவஸ்திரம் மட்டும் கொடுத்துக் காக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி கூறுகிறது. அங்கக்குறை உள்ளவர்க்கு யாகத்தில் அதிகாரம் உண்டா என்று மீமாம்சையும் ஆராய்கிறது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தாயபாகத் தடையைப் பெரும்பாலும் நீக்கிற்று. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் முற்றும் நீக்கிற்று. ஸ்மிருதியில் இருக்கிறதே என்று வாதிப்போரும் உளர். கேளாதவன் அறியாதவன் என்ற எண்ணமே அந்த விதிக்கு அடிப்படை. அடிப்படை பொய்யானபின் விதி எதன்மேல் நிற்கும்? செவிப்புலன் இல்லாதார் கைகளாலும் முகத்தாலும் பேசுவது வெறும் சைகையன்று. தனக்கென இலக்கணமுள்ள பாஷை. அதை ஆராயவும் கற்பிக்கவும் 2015இல் டில்லியில் மத்திய அரசு ஒரு நிலையத்தையே அமைத்தது. சொல் என்பது செவி வழியாகத்தான் புகவேண்டும் என்ற நியமம் இல்லை. கண் வழியாகவும் புத்தியை அடைகிறது.

அப்படியானால் அவர்களுக்குச் சிரவண பக்தி உண்டா? உண்டு என்றே அடியேன் கருதுகிறேன். பகவத் விஷயம் புத்தியில் சேர்வது சிரவணமேயன்றித் தோலும் எலும்பும் அதிர்வது சிரவணமன்று. அதை ஒப்பாதவர்களுக்கும் ஒரு விடை உண்டு. நம் ஆசாரியர்கள் காட்டிய சரணாகதி மார்க்கத்தில், நம்மிடம் ஒன்றுமில்லை, வேறு புகலும் இல்லை என்பதே தகுதி. காக, கஜேந்திரர்களுக்குத் திறந்திருந்த வாசல் இவர்களுக்கு அடைபட்டிராது.

உத்ஸவத்துக்கு வந்திருப்போர்க்குச் சில குறிப்புகள் மட்டும். செவி மந்தமான பெரியோரை உபந்யாச மண்டபத்தில் ஒலிபெருக்கியின் அருகே அமர்த்தாதீர்கள். உபந்யாசகரின் முகம் தெரியும் இடத்தில், முன் வரிசையில் அமர்த்துங்கள். ஒரு காது மட்டும் கேட்பவராயின் அந்தக் காது உபந்யாசகர் பக்கம் இருக்கட்டும். இளைஞர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, கதையின் திருப்பங்களைத் தாளில் எழுதிக் காட்டலாம். ‘இப்போது விபீஷணன் வருகிறான்’ என்று ஒரு வரி தெரிந்தால், மீதியை அவர் மனமே பிடித்துக்கொள்ளும். அர்ச்சனைக்கு வருவோர் பெயரையும் நட்சத்திரத்தையும் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்தே ஸங்கல்பம் செய்யலாம். எழுத அறியாதவர்க்கு உடன் நிற்பவர் எழுதித் தரட்டும். மேளம் சற்று ஓயட்டும் என்று சொல்லவும் கூச வேண்டா. ஒரு நிமிஷம் தாமதிப்பதால் பூசம் பூரமாகிவிடாது.